ஆறாவது மணி

கோபி பேருந்தில் வந்து சேர்ந்தது,
மிளகாய்த்தூள் டப்பாவில் மல்பெரி இலை சுற்றி:
பதினோரு பட்டுப்புழுக்கள்.
கணுக்கணுவாய் வீங்கியவை.
காலைத் தொட்டாலே பாலாய் ஒழுகின.
அங்கண்ணன் கடிதம் எழுதவில்லை,
நடத்துனரிடம் சொல்லியனுப்பியிருந்தார்:
"பால் நோயுன்னு எங்களுக்கே தெரியுதுங்க.
உள்ள என்ன பண்ணுதுன்னு பாக்கச் சொல்லுங்க."

அந்தப் பாலில் ஒரு துளியை நீர்க்கச் செய்து
கோவை ஆய்வகத்தின் நல்ல புழுக்களுக்கு ஊட்டினேன்.
பிறகு கடிகாரம் பார்த்துக் கொன்றேன்.
மூன்றாம் மணிக்கு ஒன்று, ஆறாம் மணிக்கு ஒன்று,
பன்னிரண்டு, பதினெட்டு, முப்பத்தாறு.

ஆஸ்மியம் கொழுப்பைக் கறுப்பாக்கியது.
பிசின் இறுக இரண்டு நாள்.
வைரக் கத்தி சீவிய சீவல்
தண்ணீரில் மிதக்கையில் வெள்ளியாய் மின்னினால் சரி,
பொன்னாய் மின்னினால் தடிமன்.
தங்கத்தைக் கழித்துவிட்டு வெள்ளியை எடுக்கும் வேலை
உலகத்தில் நமக்குத்தான் என்று பிரிசில்லா சிரிப்பாள்,
மூச்சு விடாமல்.
ஈயக் கரைசல்மேல் மூச்சுப் பட்டால்
கருந்துகளாய்ப் படியும்.
அந்தத் துகளையே வைரஸ் என்று நம்பி
ஒரு ஏப்ரல் முழுக்க எண்ணியவள் நான்.

பகலில் வடவள்ளிப் பக்கம் மண் லாரி போனாலும்
திரையில் உட்கரு நடுங்கும்.
ஆகவே இரவு. ஏசியின் இரைச்சல், பச்சை வெளிச்சம்,
என் ஸ்வெட்டர்.

முப்பத்தாறில் உட்கரு கொள்ளாத படிகங்கள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் கோல்கள்
சோளத்தட்டுக் கட்டுப் போல அடுக்கி.
பதினெட்டில் நடுவே ஒரு கருத்த பின்னல்.
அதன் ஓரத்தில் கோல்கள் பிறந்துகொண்டிருந்தன,
சில வெறும் உறைகள்,
சோமனூர்த் தறியடியில் கிடக்கும்
நூல் சுற்றாத தார்க்குச்சிகள் மாதிரி.
மூன்றில், உட்கருவின் வாசல் துளையில்
ஒற்றைக் கோல், தலை நுழைத்தபடி.

ஆறில் ஒன்றுமில்லை.
நாற்பது செல்கள் பார்த்தேன்.
பாடநூலுக்குப் படம் எடுத்தாற்போல் அத்தனை ஆரோக்கியம்.
குப்பி மாறிவிட்டதென்று மறுபடி சீவினேன்,
மறுபடி ஒன்றுமில்லை.
'பிழை' என்று எழுதிய உறையில் போட்டுவிட்டு
வீட்டுக்குப் போய், தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் உறைத்தது:
உள்ளே போனது சட்டையைக் கழற்றிவிட்டது.
இப்போது அது வெறும் எழுத்து.
எலக்ட்ரானுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது,
கனம் மட்டும்தான் தெரியும்.

அங்கண்ணன் கூப்பிட்டார்.
"ஏனுங், அது பெருகுறதைப் பாத்தீங்களா?"
"இல்லீங்க."
பெருகுவது வினைச்சொல்.
என்னிடம் இருப்பவை ஐந்து பெயர்ச்சொற்கள்,
ஐந்தும் வெவ்வேறு புழுவின் பிணங்கள்.
நடுவில் இருப்பதை நான்தான் கோக்கிறேன்.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது?
ஆறாவது மணியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.
"நாலாந் தூக்கம் எந்திரிச்ச அன்னிக்கு
கொட்டாயில மழை பேயுற மாதிரி இலை தின்னுச்சுங்க.
பங்காளியைக் கூட்டியாந்து காட்டினேன்,
இந்தத் தடவை தப்பாதுடான்னு.
அன்னிக்கே இருந்துருக்குமா?"
"இருந்துருக்குங்க."
"செரி" என்றார்.
சுண்ணாம்படித்துவிட்டாராம். தட்டுகளை எரித்தாயிற்று.
அடுத்த முட்டைக்குப் பணம் கட்டியாயிற்று.

அட்டைக்கு முப்பத்தாறைக் கேட்டார்கள்,
அழகாக இருக்கிறதாம். கொடுத்தேன்.
எல்லாப் படங்களிலும் அம்புக்குறி வைத்தோம், இதோ, இதோ என்று.
பிழை உறையிலிருந்து எடுத்த படத்தில்
பிரிசில்லா சுட்டியை வெகுநேரம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.
எங்கே வைக்க?
வைக்காதே என்றேன்.
கீழே அளவுகோடு மட்டும் இருக்கட்டும்:
ஒரு மைக்ரான்.